பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

1

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, மனாமா. பஹ்ரைனில் வார விடுமுறையின் முதல் நாள். ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். அடுத்த வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் தேய்த்து, ஞாயிறு முதல் வியாழன் வரை வரிசையாக மாட்டினேன். பால்கனியில் இருக்கும் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஏழு மணிக்கு மீன் சந்தைக்குப் போய் அரைக் கிலோ இறால் வாங்கி வந்தேன். இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. என் வெள்ளிக்கிழமைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன.

இரண்டு மாதமாக இந்த வரிசைக்கு நடுவே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூடத்து சோபாவில் என் தம்பி கதிரவன் தூங்குகிறான். சோபாவின் நீளம் அவனுக்குப் போதாது. சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கால்களைச் சுற்றித்தான் நான் அலமாரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

கதிரவனுக்கு முப்பத்தேழு வயது, என்னைவிட எட்டு வயது இளையவன். தொழில் கூடைப்பந்து. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து ஆட்டத்தை விட்டு அவன் வேறு வேலைக்குப் போனதில்லை. அணியில் அவன் இடம் 'கார்டு'. பந்தைத் தட்டிக்கொண்டு மேலே கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவன். எந்த அணியிலும் அவன் நிலைத்ததில்லை. ஒரு பருவம் இங்கே, அடுத்த பருவம் எங்கேயோ. வெளியூரிலிருந்து கூலி பேசி அழைத்து வரும் ஆட்டக்காரனை எங்கள் பக்கத்தில் 'கெஸ்ட் பிளேயர்' என்பார்கள். அப்பா அதை நேராகத் தமிழாக்கிக்கொண்டார். யார் கேட்டாலும், "சின்னவனா? அவன் எல்லா ஊருக்கும் விருந்தாளி" என்பார். சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும்.

பெரியவனைப் பற்றிக் கேட்டால், "பஹ்ரைன்ல இருக்கான். ஏதோ காயிதம் அடுக்குற வேல" என்பார்.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். காகிதம் அடுக்குகிற வேலைதான். தவறாகச் சொல்லிவிட்டார் என்று சொல்ல முடியாது.

இங்குள்ள பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடைப்பந்து லீக் நடத்துகிறார்கள். என் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ரோமெல் அதில் ஓர் அணியைக் கவனிக்கிறான். அவர்கள் அணியில் வெளிநாட்டான் ஒருவன் ஆடலாம். அவனை 'இம்போர்ட்' என்பார்கள். ரோமெலிடம் தம்பியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னது நான்தான். இறக்குமதிச் சரக்குகளின் காகிதங்களை இத்தனை வருடம் கவனித்தவன், கடைசியில் என் தம்பியையே இறக்குமதி செய்துவிட்டேன். இன்று மாலை அவன் ஒப்பந்தத்தின் கடைசி ஆட்டம்.

இதைப் பொறாமை என்று எழுதுவதா, வேறு சொல் இருக்கிறதா என்று யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

2

காலையில் தோசை சாப்பிடும்போது மகள் யாழினி சொன்னாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள்.

"அப்பா, ஜெர்சிக்குப் பேர் கொடுக்கணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள மெசேஜ் பண்ணணும்னு கோச் பறஞ்சாங்க."

"சொன்னாங்க."

"ஆ, சொன்னாங்க."

அவள் வகுப்பில் பாதிப் பேர் மலையாளிகள். தமிழ் என்று நினைத்துக்கொண்டு அவள் பேசுவதில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று.

"முதுகுல சர்நேம்தான் போடணும். பன்னெண்டு லெட்டருக்கு மேல போனா கடைக்காரர் அடிக்க மாட்டாராம்."

"செந்தில்நாதன்னு கொடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நான் மருதமுத்துன்னு போட்டுக்கவா? சித்தப்பா மாதிரி."

தோசைக்கல்லுக்கு முன்னால் நின்ற என் மனைவி தேன்மொழி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாவை ஊற்றப் போய்விட்டாள்.

வெளிநாடு பார்க்காத வாசகர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதோடு சரி. பாஸ்போர்ட்டில் அது நடக்காது. அங்கே சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அப்பா பெயரை நிரப்பிவிடுகிறோம். எங்கள் அப்பா பெயர் மருதமுத்து. ஆகவே நான் செந்தில்நாதன் மருதமுத்து, தம்பி கதிரவன் மருதமுத்து. என் மகளோ யாழினி செந்தில்நாதன்.

தம்பியின் விசாவுக்குப் போனபோது கவுன்டரில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசிப் பெயர் ஒன்றாக இருந்ததால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் மகளோடு விமானநிலையத்தில் வரிசையில் நிற்கும்போது கதை வேறு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, "இந்தக் குழந்தையின் தகப்பனார் எங்கே?" என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போகிறேன். தம்பி என் தம்பிதான் என்பதற்குச் சான்று தேவைப்படவில்லை. மகள் என் மகள்தான் என்பதற்குத் தேவைப்படுகிறது.

அலுவலகத்திலும் நான் செந்தில்நாதன் இல்லை. மேலாளர் முதல் தேநீர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் 'மிஸ்டர் மருத்'. இந்த நாட்டில் என் பெயர் முழுதாக, மரியாதையான கடைசி இடத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு காகிதத்தில்தான். அது என் மகளின் பாஸ்போர்ட்.

"மருதமுத்து உன் பாஸ்போர்ட்ல இல்லையே?" என்றேன்.

"உங்க பாஸ்போர்ட்ல இருக்கே."

சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அதோட அப்பா, செந்தில்நாதன் தேர்ட்டீன் லெட்டர். மருதமுத்துதான் கரெக்டா ட்வெல்வ்."

பால் கணக்கு எழுதும் தாளின் ஓரத்தில் இரண்டு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி எண்ணினேன். அவள் சொன்னது சரி. எழுத்துகூட அவன் பக்கம்தான் நின்றது.

"வெறும் செந்தில்னு போடு."

"பாதிப் பேர் செல்லாதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

போர்வைக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணே, வழக்கைச் சாயந்தரத்துக்குத் தள்ளி வைங்க. சாட்சி இன்னும் தூங்குறான்."

யாழினி சிரித்தாள். நான் கேட்கும் எதற்கும் "ம்" என்று மட்டும் பதில் சொல்கிற பெண், இரண்டு மாதமாக இப்படித்தான் வீடு அதிரச் சிரிக்கிறாள்.

3

தம்பி ஆடிய அணிகள் அவனுக்கே ஒழுங்காக நினைவில் இல்லை. "அண்ணே, நேபாளம் முன்னாடியா, மாலத்தீவு முன்னாடியா?" என்று என்னைக் கேட்பான். "மாலத்தீவு. அடுத்த வருஷம்தான் நேபாளம்" என்பேன். அவனுடைய தொழில் வாழ்க்கையை அவனைவிடத் துல்லியமாக நான் வைத்திருக்கிறேன். அன்புக்காக என்று தேன்மொழி நினைக்கிறாள்.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். இருவரும் பெரம்பலூரில்தான் படித்தோம், வேறு வேறு வருடங்களில். பள்ளிக்கூடம் விட்டதும் ஊருக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நான் முதல் பஸ்ஸைத் தவறவிட்டதே இல்லை. அதனால் எனக்குக் கூடைப்பந்து வரவில்லை. அவன் தினமும் தவறவிட்டான். அடுத்த பஸ் வரும்வரை பள்ளிக்கூடத்து சிமெண்ட் மைதானத்தில் பந்து தட்டினான்.

முதன்முதலாக அவன் கெஸ்ட் பிளேயராக ஆடியது எறையூரில், சர்க்கரை ஆலைப் பக்கத்து மைதானத்தில். கூலி, பஸ் காசும் பரோட்டாவும். அடுத்து ஜெயங்கொண்டத்தில் ஒரு போட்டி. சிறந்த ஆட்டக்காரனுக்குக் கோப்பை தரவில்லை. அந்த ஊர் வழக்கப்படி ஒரு டின் முந்திரிப்பருப்பு கொடுத்தார்கள். அதே வாரம் எனக்குத் திருச்சியில் முதல் சம்பளம் வந்திருந்தது. அப்பா என் சம்பளக் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துப் பெட்டியில் பூட்டினார். முந்திரிப்பருப்பைத் தெரு முழுக்கக் கொடுத்தார். எங்கள் தெருவில் இன்றைக்கும் முந்திரியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அதன்பிறகு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை அணி. ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்த்து, வேலை நேரம் போக மாலையில் ஆட வைத்தார்கள். அந்த அணியைக் கலைத்ததும் சென்னையில் ஒரு வங்கிக்காக ஆடினான். வேலை நிரந்தரமாகவில்லை, முழங்கால்தான் நிரந்தரமாகக் கெட்டது. பிறகு கேரளத்தில் இரண்டு கிளப், பெங்களூரில் பாதியில் நின்றுபோன ஒரு லீக், மாலத்தீவு, காட்மாண்டு, மறுபடி கேரளம். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க வேலை?" என்று கேட்டார்கள். அப்பாவால் ஓர் ஊரைச் சொல்ல முடியவில்லை. எட்டு ஊரைச் சொன்னார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

அவனிடம் வீடு இல்லை, மனைவி இல்லை, சேமிப்பு இல்லை. ஊரில் இருக்கும் மாடி வீடு நான் கட்டியது. அந்த வீட்டுக் கூடத்தில் அவனுடைய அணிப் படங்கள் ஏழு மாட்டியிருக்கின்றன. என் படம் ஒன்று, கல்யாணப் படம். அதிலும் ஓரத்தில் அவன் நிற்கிறான்.

இங்கே வந்த முதல் வெள்ளிக்கிழமை அவனுடைய வேலை முறையைப் பார்த்தேன். புது அணியோடு சேர்ந்ததும் முதலில் ஒவ்வொருவனிடமும் போய்ப் பெயரைக் கேட்டான். அடுத்து ஒரே கேள்வி: "உனக்குப் பந்து எங்கே வேணும்?" ஒருவன் வலது ஓரம் என்றான், ஒருவன் கூடைக்கு அடியில் என்றான். ஜோஜோ என்ற பெரிய உடம்புக்காரன், ஓட்டலில் பரிமாறுகிறவன், இடது மூலையைக் காட்டினான். அவ்வளவுதான். அடுத்த வாரத்துக்குள் அந்தக் கேள்வியை அவர்கள் மொழியிலேயே கேட்கக் கற்றுக்கொண்டான். பதினேழு வருடத்தில் எனக்கு அரபியில் வருவது 'நாளை வாருங்கள்', 'முத்திரை எங்கே' இரண்டும்தான். இந்த ஊரில் என்னை யாரும் எனக்கு எது எங்கே வேண்டும் என்று கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

4

அரியலூர் ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும்.

வெளிநாடு போய் முதல் விடுப்பில் வந்திருந்தேன். ஒரு மாத விடுப்பு. வந்த இரண்டாம் நாளே அப்பா, "வாடா, சின்னவன் வெளாட்டு இருக்கு" என்று என்னைப் பஸ்ஸில் அரியலூருக்குக் கூட்டிப்போனார். பெட்டியைக்கூட நான் முழுதாகப் பிரிக்கவில்லை.

ஆலைக் குடியிருப்புக்குப் பக்கத்தில் மைதானம். சுற்றிலும் குட்டைச் சுவர். அப்பா அதில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அப்பா, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

"வேணாம்டா. பெத்த கண்ணு பொல்லாத கண்ணு. நான் பார்த்தா அவனுக்கு ஆவாது. நீ பார்த்துச் சொல்லு."

சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் லாரிகளைப் பார்த்தார். நான் ஆட்டத்தைப் பார்த்து அவருக்குச் சொன்னேன். ஆலைப் புழுதியில் தம்பியின் தலைமுடி நரைத்தது போல இருந்தது. ஒலிபெருக்கியில், "பந்து இப்போது எம். கதிரவனிடம்" என்றார்கள்.

அப்பா சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "எம்முங்கறானே, அது நான்தானே?"

"ஆமாப்பா. நீங்கதான்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும் எம்தான் இருக்கிறது, எம். செந்தில்நாதன் என்றுதான் என் பட்டத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதை யாரும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. மறுபடி ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

5

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். ஊரில் ஏழரை. அப்பா இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். ரோமெலின் அணிக்குப் பின்னால் முதல் வரிசையில் தேன்மொழியும் யாழினியும் நானும் உட்கார்ந்தோம். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அப்பா, சாப்டீங்களா? மழை எப்படி?"

"வெங்காயம் பூரா தண்ணியில நிக்குது. அத வுடு. சின்னவன் எங்க?"

"அங்க நிக்கிறான். உங்க காலு வீக்கம் எப்படி இருக்கு?"

"ஏன்டா, உன் மூஞ்சியவே காட்டிக்கிட்டிருக்க? போனத் திருப்பு. அவனக் காட்டுடா."

திருப்பினேன். அதற்குப் பிறகு நான் கேட்டது எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

ரோமெல்தான் ஒலிபெருக்கி பிடித்திருந்தான். ஒவ்வொரு பெயராக அழைத்தான். கடைசியில் கையை உயர்த்தி, "ஏழாம் நம்பர், நம் இம்போர்ட், இந்தியாவிலிருந்து... மரூதமூத்தூ!" என்றான். கூட்டம் அதை வாங்கிக்கொண்டது. தாளம் தட்டித் தட்டி, மரூத மூத்தூ, மரூத மூத்தூ என்று அரங்கம் முழுக்கக் கத்தியது. என் மகள் எழுந்து நின்று கத்தினாள். என் அலுவலகத்துப் பையன்கள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். "மிஸ்டர் மருத், உங்கள் பெயர்!"

என் பெயர் இல்லை.

போனுக்குள்ளிருந்து அப்பா குரல் வந்தது. "ஏய், யாருடா அது என்னைக் கூப்புடுறது?"

"உங்களை இல்லப்பா. தம்பியை."

"என் பேரைத்தான்டா சொல்றானுவ."

"ஆமாப்பா. அவன் சட்டையில அதுதான் எழுதியிருக்கு."

"எம்மு மட்டுமா?"

"இல்ல. முழுசா."

 பிறகு திரையில் படம் சாய்ந்தது. வாசல் விளக்கு தெரிந்தது, அப்புறம் வெறும் இருட்டு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார் என்று புரிந்தது.

"அப்பா? தெரியுதா?"

"நீ பேசாம புடிடா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. பந்து தம்பியிடம். எதிரணியில் இரண்டு பேர் அவன்மீது பாய்ந்தார்கள். அவன் கூடையைப் பார்த்தான், எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். பந்து மட்டும் இடது மூலைக்குப் போனது. ஜோஜோ அங்கே நின்றிருந்தான். போட்டான், விழுந்தது. கூட்டம் ஜோஜோவைத் தூக்கிக்கொண்டு அவன் பெயரைக் கத்தியது. தம்பி முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். எங்கள் இடத்திலிருந்து அவன் முதுகும் அதில் அப்பாவின் பெயரும்தான் தெரிந்தன.

6

வீட்டுக்கு வந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். தம்பி முழங்காலில் ஐஸ் பை வைத்துக் கட்டிக்கொண்டான். இறால் தொக்கு நன்றாக வந்திருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போகிறான். அங்கே ஒரு கிளப்பில் மூன்று மாதம்.

"அப்புறம் கதிரு?" என்றாள் தேன்மொழி.

"அப்புறம் எவனாவது கூப்புடுவான் அண்ணி. கூப்புடாட்டி அப்பாவோட வெங்காயம் நடுவேன். அங்கயும் கெஸ்ட்தான்."

யாழினி சாப்பாட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, நான் மருதமுத்துன்னு போட்டுக்கவா?"

"எதுக்கு?"

"உங்க மாதிரி இருக்கும்ல."

தம்பி இறால் வாலைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "என் முதுகுல யார் பேரு இருக்கு?"

"தாத்தா பேரு."

"உனக்குத் தாத்தா. எனக்கு?"

"உங்க அப்பா."

"அப்ப என்ன மாதிரி போடணும்னா, நீ யார் பேரைப் போடணும்?"

யாழினி என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஆனா சித்தப்பா, அது தேர்ட்டீன்."

"அதுக்கு நான் என்ன பண்றது? உங்கப்பாரு பேரு நீளம். கோவமும் நீளம். என் பேரே மாலத்தீவுல துணியில இடம் பத்தலன்னு மருதாவோட வெட்டிட்டானுவ. அந்த ஊருக்காரன் அதை மார்த்தான்னு படிச்சான். சீசன் முடியற வரைக்கும் மீசையோட நான்தான் மார்த்தா."

தேன்மொழிக்குப் புரையேறியது. யாழினி சிரித்து முடித்துவிட்டுத் தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். என் பக்கம் நகர்ந்து வந்து திரையைக் காட்டினாள்.

"அப்பா, இங்க பாருங்க. டி-க்குப் பக்கத்துல இருக்கற முதல் ஹெச்சை எடுத்தா ட்வெல்வ். கரெக்டா வருது. எப்படியும் யாரும் அந்த ஹெச்சைச் சொல்றதே இல்ல."

என் பெயர்தான். ஓர் எழுத்து இல்லாமல் இருந்தது.

ஓர் எழுத்து மாறிய காகிதங்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. பாஸ்போர்ட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று வரும் பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதுகிறேன். அதுவும் போக, இன்னொன்றும் இருந்தது. என் பெயரைத் தம்பி எனக்குப் பாஸ் கொடுத்திருந்தான். நான் எந்த மூலையில் நிற்கிறேன் என்று கேட்காமலே தெரிந்து கொடுத்திருந்தான். பாஸ் வாங்கிப் போடுகிறவன் பெயரைத்தான் கூட்டம் கத்தும். இருந்தாலும் கொடுத்தவன் அவன். எனக்கே உரிய ஒன்றைக்கூட அவன் கையிலிருந்துதான் நான் வாங்க வேண்டியிருக்கிறது.

"தப்பான எழுத்துல என் பேரு வேண்டாம்" என்றேன். "மருதமுத்துன்னே போட்டுக்க."

யாழினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏங்க, சட்டைக்குமா சீல் வைக்கணும்?" என்றாள் தேன்மொழி.

"விடுங்க அண்ணி" என்றான் தம்பி. "அரியலூர் சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன்ல பேரு தப்புன்னு, எழுதுனவனைத் திருத்தச் சொல்லிட்டு நின்னவரு. அவன் திருத்தறதுக்குள்ள பஸ்ஸு போயிடுச்சு. வாழ்க்கையில அண்ணன் விட்டது அந்த ஒரு பஸ்ஸுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. யாழினி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கை கழுவிவிட்டு அறைக்குள் போகும் முன் வாசலில் நின்றாள்.

"கோச்சுக்கு நீங்களே அனுப்பிடுங்க அப்பா. எது கரெக்டோ அது."

கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர்களிடம் வேலையை ஒப்படைப்பது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

7

சனிக்கிழமை. ஐந்து மணிக்கு விழித்தேன். பால் காய்ச்சவில்லை. சமையலறை விளக்கைக்கூடப் போடவில்லை. முதல் வேலையாகப் போனை எடுத்து, பயிற்சியாளருக்கு என் பெயரை முழுதாகத் தட்டினேன். பதின்மூன்று எழுத்து. பிறகு டி-க்குப் பக்கத்தில் இருந்த முதல் ஹெச்சை அழித்தேன். மெதுவாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். செந்தில்நாதன். சத்தம் மாறவில்லை. அனுப்பினேன்.

சோபாவின் முதுகில் தம்பியின் ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. தெரு விளக்கின் வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்தேன். மருதமுத்துவில் ஓர் எழுத்தும் குறையவில்லை.